கொத்தனாருக்கு விரித்த வேட்டி

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலேதான் என் கணவர் தறி போட்டிருக்கிறார். மருமகள் ஆசைப்பட்டாளே என்று சமையலறைச் சுவரை இடித்து, கூடத்தோடு ஒன்றாக்கினோம். தறிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கு முதலிலிருந்தே பயம்தான்.

பூச்சு வேலைக்காக நெசவை நிறுத்தியிருந்தபோது, தறியிலிருந்த முகூர்த்தப் பட்டில் மங்கலாகக் கறை தெரிந்தது. கறை பட்ட புடவையை, நெய்யக் கொடுத்த முதலாளி வாங்க மாட்டார். கொத்தனார்தான் அழுக்குக் கையால் தொட்டிருப்பார் என்று முடிவே கட்டிவிட்டேன். அவர் நகர்ந்தால் நானும் பின்னாலேயே நகர்ந்தேன்.

“இன்னாமா, என்னையே பாத்துக்கினு நிக்கிறீங்க? தறிய தூக்கிக்கினு ஓடிடப் போறனா?” என்று சிரித்தார்.

கைத்தடம் விழுந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று, மறுநாள் காலையில் தறியின் மேல் வெள்ளை வேட்டியை விரித்து வைத்தேன். அன்று பார்த்து அவர் வேலைக்கே வரவில்லை. சாயங்காலம் எடுத்தால் வேட்டி மஞ்சள் பூத்துப் பிசுபிசுவென்று ஒட்டியது.

என் கணவர் முகர்ந்து பார்த்தார். “எண்ணெப் பொகை. மத்தியானம் ஈடு ஈடா வடை சுட்டது யாரு, கொத்தனாரா? இத்தினி நாளா சொவருதான் தடுத்துக்கினு இருந்துது.”

சுட்டது நான்தான். நல்லவேளை, புடவையில் கறை லேசாகத்தான் இருந்தது. பவுடர் தூவி வைத்து எடுத்ததும் போய்விட்டது.

இப்போது பொரிப்பதெல்லாம் பின்கட்டு அடுப்பில்தான். தாளிப்பதானாலும் தறியை மூடிய பிறகே கடுகு போடுகிறேன். மருமகள் சமைக்கிற நாளில், மூடினாளா என்று எட்டிப் பார்க்காமல் வாசல் தாண்டுவதில்லை.