முதல் வரி போதும் என்றவன்

நான் பொய் சொன்னேன். தகப்பனை இழந்து நின்ற ஒரு சிறுமியின் முகத்துக்கு நேரே, என் குற்றத்தை அவள் தலையில் தூக்கி வைத்தேன்.

இதை இத்தனை ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை. நான் நாலு பேர் எதிரே வாய் திறக்கக் கூசுகிறவன். ஆனால் அந்தப் பொய்யை மட்டும் ஒரு தெருவே கேட்கச் சொன்னேன்! அன்றைக்கு மட்டும் என் கூச்சம் எங்கே போயிற்று?

படிப்பு எனக்கு நாலாம் வகுப்போடு நின்றது. ஆனாலும் கரமனைக்கு அப்பால் ஆற்றை ஒட்டியிருந்த ஒரு தெருவில் வாத்தியாராக இருந்தேன். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தவர்களின் தெரு அது. அரசாங்கப் பள்ளியில் மலையாளம்தான். தங்கள் பிள்ளைகள் தமிழும் வாசிக்கட்டும் என்று அவர்களே ஒரு கொட்டகை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். அவர்களுக்கு நான் பெரிய படிப்பாளி... அந்த மயக்கத்தை நான் கலைக்கவில்லை.

எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். அதற்கு மேல்தான் எனக்குக் கஷ்டம். பாடம் என்ன சொல்லுகிறது? அதில் முக்கியமான செய்தி எது, அதைத் தாங்கி நிற்கும் விவரங்கள் எவை? நீளமான பாடமென்றால் எனக்கே பாதியில் வழி தவறிவிடும். இதைப் பிள்ளைகளிடம் ஒப்புக்கொள்ள முடியுமா? முடிந்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

அதனால் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். எங்கள் பாடப் புத்தகத்தில் பெரும்பாலும் முக்கியச் செய்தி முதல் வரியிலேயே இருந்தது. ஆகவே அதற்குத் தலை என்று பெயர் வைத்தேன். மற்றதெல்லாம் வால்!

“தலை எங்கே?” என்பேன்.

“முதல் வரியிலே, சாரே!” என்று கொட்டகை அதிரும்.

வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பெரியவர் வந்து பரீட்சித்துப் பார்ப்பார். பிள்ளைகள் முதல் வரியைத் தங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லுவார்கள். அவர் என் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். நானும் நிமிர்ந்து நடப்பேன்.

ஒரே ஒருத்தி மட்டும் மடங்கவில்லை. பகவதி. சுடலைமுத்து என்ற சுமைகாரரின் மூத்த மகள். பனைமரத்தைப் பற்றிய ஒரு பாடம் நடந்தபோது எழுந்து நின்றாள்.

“சாரே, இதிலே முக்கியமான காரியம் கடைசியிலல்லோ கெடக்கு? முதல் வரி சும்மா வெயிலைப் பத்தித்தானே சொல்லுது?”

அவள் சொன்னது சரி. எனக்கு அது அப்போதே தெரிந்தது... கேளுங்கள், அப்போதே தெரிந்தது! ஆனால் நான் என்ன செய்தேன்?

“அப்படியா? உங்க வீட்டு மீனுக்கு வாலிலேதான் தலையோ?” என்றேன்.

கொட்டகை சிரித்து உருண்டது. பின்வரிசையில் ஒருவன், “எடி, மீன்தலை!” என்று கத்தினான். அன்று முதல் அவள் பெயர் அதுவாகிவிட்டது. அவளும் முதல் வரியோடு நிற்கப் பழகிக்கொண்டாள். கெட்டிக்காரி அல்லவா? எதையும் சீக்கிரம் பழகிக்கொள்வாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஊரில் வாந்திபேதி பரவியது. சுகாதார ஆட்கள் வந்து எங்கள் தெருச் சுவரில் தமிழில் அச்சடித்த நோட்டீஸ் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்கள். கூட்டம் கூடிவிட்டது. சுடலைமுத்து தலைத்துணியை அவிழ்த்து உதறிவிட்டு மகளை முன்னால் தள்ளினார்.

“எல்லாரும் வாயை மூடுங்கடே! எம் மவ வாசிப்பா.”

பகவதி வாசிக்கத் தொடங்கினாள். அச்சுத் தமிழ் யாருக்கும் பிடிபடவில்லை. “ஏ பிள்ளே, முழுசும் வேண்டாம். காரியம் என்னண்ணு சொல்லு” என்றார் அவள் அப்பா.

அவள் முதல் வரியை மீண்டும் ஒருமுறை பார்த்தாள்.

“நம்ம பக்கத்துக் கெணறுகளிலே எல்லாம் மருந்து போட்டாச்சாம், அப்பா.”

“கேட்டியளா! பின்னே என்ன பேடி? வெள்ளம் குடிக்கலாம்!” என்று சிரித்தார் அவர். வெள்ளம் என்றால் தண்ணீர், பேடி என்றால் பயம். அத்தனை பேர் முகத்திலிருந்தும் அது நீங்கிற்று.

நானும் அங்கே நின்றேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போக வெட்கப்பட்டுப் பின்னால் நின்றேன். என் மாணவி என்று மனத்துக்குள் பூரித்தேன். மீதி வரிகளைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆற்றோரத்துக் கிணற்று நீரைக் காய்ச்சாமல் குடிக்கலாகாது, அதில் ஆற்று நீர் ஊறுவதால் மருந்து நிற்காது என்று கீழே இருந்தது. அதை நான் படித்தபோது சுடலைமுத்து இறந்துபோயிருந்தார். அவர்கள் வீட்டுத் தண்ணீர் ஆற்றோரத்துக் கிணற்றுத் தண்ணீர்.

துக்க வீட்டுக்கு வந்த சுகாதார ஆள், “நோட்டீஸ் ஒட்டியிருந்தோமே, யாரும் வாசிக்கல்லியா?” என்று கேட்டான். தெருவே பகவதியைத் திரும்பிப் பார்த்தது. அவள் தாய் இசக்கியம்மை மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். பின்னால் ஒரு கூட்டம்.

“வாத்தியாரே, முதல் வரி மதி, மத்தது வேண்டாம்ணு நீங்க சொன்னதாட்டு இவ சொல்லுதா. உள்ளதா?”

மதி என்றால் போதும். ஆமாம், அதைத்தான் சொல்லியிருந்தேன். நாள் தவறாமல் சொல்லியிருந்தேன்! என் பிள்ளைகள் எல்லாரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ‘ஆமாம்’ போதும். என் பிழைப்புப் போயிருக்கும், இரண்டு அடியும் விழுந்திருக்கும். அதற்கு மேல் என்ன வந்துவிடும்?

“நான் அப்படிச் சொல்லவே இல்லை, அம்மா. முழுவதும் வாசிக்கத்தான் சொல்லுவேன். இவள் அவசரக்காரி” என்றேன்.

பிள்ளைகள் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பகவதி என்னைப் பார்த்தாள். அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்... அழவில்லை. பனைமரப் பாடத்தன்று எல்லாரும் சிரித்தபோது எப்படித் தலை குனிந்தாளோ, அப்படியே குனிந்துகொண்டாள்.

அதற்குப்பின் அவள் கொட்டகைக்கு வரவில்லை. தகப்பனை வாசித்துக் கொன்றவள் என்று தெருப் பெண்கள் சொல்லுவதைக் கேட்டபடி நான் அதே தெருவில் நடந்தேன். மறுவாரமே பிள்ளைகளிடம், “இனி கடைசி வரி வரை வாசியுங்கள்; பிறகு முக்கியமானது எது என்று தேடுங்கள்” என்று மாற்றிச் சொன்னேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரியும்... என்னைவிட நன்றாகத் தெரியும்.

சில மாதங்களில் கொட்டகையை விட்டுவிட்டேன். இப்போது சாலைக் கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையில் சரக்கு நிறுத்துக் கொடுக்கிறேன்.

போன மாதம் ஒரு பெண் இடுப்பில் காய்ச்சல் குழந்தையோடு வந்தாள். முதலாளி பொட்டலத்தை நீட்டி, “கொடுக்கிற விதம் இதிலே அச்சடிச்சிருக்கு, வாசிச்சு நோக்கிக்கோ” என்றார்.

“எனக்கு வாசிக்கத் தெரியாது.”

குரலில்தான் அடையாளம் கண்டேன். பகவதி! என் கொட்டகையில் அவளைப்போல் வாசித்தவர் யாருமில்லை. அவள் பொட்டலத்தை என் பக்கம் திருப்பினாள். என்னைத் தெரிந்துகொண்டாளா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக் காட்டினேன். ‘பகவதி, அன்றைக்கு நான் சொன்னது பொய்’ என்று சொல்லிவிட நாக்கு வரை வந்தது. முதலாளி இருந்தார். வேறு ஆட்களும் நின்றார்கள்...

“அவ்வளவும் வாசிச்சாச்சா? விட்டுப்போனது ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டாள்.

“இல்லை” என்றேன்.

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினாள். நேரே பக்கத்துக் கடைக்குப் போய், அங்கே இருந்தவரிடம் அதே பொட்டலத்தை நீட்டினாள்.