முனிகிருஷ்ணன் போட்ட மார்க்கு

முனிகிருஷ்ணனுக்கு மனுஷர்கள் கூடினாலே ஆகாது. இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபிக்க மாட்டார், ஆமாம் என்பார். வாலிபத்தில் அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. சம்பளத்துக்குக் குறைவில்லை. ஆனால் மத்தியானம் கேன்டீனில் இருநூறு பேர் நடுவில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஆறே மாதத்தில் "பேஜாருப்பா" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஊத்துக்கோட்டைப் பக்கம் அண்ணன் வீட்டுக்கே திரும்பிவிட்டார். அண்ணன் நெல் வயலைப் பார்த்துக்கொண்டார். தம்பிக்குப் பக்கத்திலிருந்த ஒரு தனியார் விலங்குப் பூங்காவில் வேலை அமைந்தது. கல்யாணமா? பெண் பார்க்கப் போன வீட்டில் கூட்டம் ஜாஸ்தி என்று பஜ்ஜி வருவதற்குள் எழுந்து வந்த மகராசன் அவர்.

அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த ஒரே சிநேகிதன் சாம்சன் என்கிற சிம்பன்சி. கைக்குழந்தையாய் வந்தவனுக்குப் பால்புட்டி பிடித்தது முனிகிருஷ்ணன்தான். அதற்கு இப்போது இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. தினமும் மத்தியானம் கம்பிக்கு இந்தப் பக்கம் அவர் டிபன் கேரியரைத் திறப்பார். அந்தப் பக்கம் சாம்சன் வேர்க்கடலையும் வாழைப்பழமுமாக உட்காருவான். மற்ற ஊழியர்கள் ஷெட்டில் கும்பலாய்ச் சாப்பிட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டால் இரண்டு பேருமே முகம் சுளிப்பார்களாம். அவர் சொன்னதுதான். சாம்சன் சுளித்ததை வேறு யாரும் பார்த்ததில்லை.

போன தை மாதம் வேறொரு மாநிலத்திலிருந்து இரண்டு பெண் சிம்பன்சிகள் வந்து, பக்கத்தில் புதிதாய்க் கட்டிய பெரிய கூண்டில் இறங்கின. சாம்சனை அவற்றோடு சேர்ப்பதா, பழைய கூண்டிலேயே தனியாக விடுவதா? இதற்காகச் சென்னையிலிருந்து பூமிகா என்ற ஆராய்ச்சிப் பெண் ஒரு தாளோடு வந்தாள். யாரோடும் சேருவானா, விளையாடுவானா, விட்டுக்கொடுப்பானா, கோபக்காரனா என்று வரிசையாய்க் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை மார்க்கு.

"அவன நல்லா தெரிஞ்சவர் நீங்கதான் சார். உங்க மார்க்க வெச்சுத்தான் முடிவு பண்ணப் போறாங்க" என்றாள்.

போட்டார் பாருங்கள் மார்க்கு! சேருவானா, ஒன்று. விளையாடுவானா, ஒன்று. விட்டுக்கொடுப்பானா, ஒன்று. கோபத்துக்கு மட்டும் தாராளமாய் ஏழு. அத்தனையும் பச்சைப் பொய். அந்த இரண்டும் வந்த அன்றே சாம்சன் இரண்டு கூண்டுக்கும் நடுவிலிருந்த கம்பி வலைக்குள் விரலை விட்டுச் சப்புக்கொட்டி அழைத்ததை அவர் கண்ணால் பார்த்தவர். பார்த்து வயிறெரிந்தவர். பெரிய கூண்டுக்குப் பொறுப்பு பானு என்கிற இன்னொரு ஊழியர். சாம்சன் அங்கே போய்விட்டால் இவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவார்?

தாளை வாங்கிப் பைக்குள் வைத்தவளிடம், சும்மா இருக்காமல், "இது இன்னாத்துக்கு மேடம்?" என்று கேட்டுவைத்தார்.

"மனிதக்குரங்கோட சுபாவத்துக்கும் ஆயுசுக்கும் சம்பந்தம் இருக்கான்னு பாக்குறோம் சார். கூட இருக்கறதுங்களோட ஒத்துப்போறதுங்க கொஞ்சம் அதிக நாள் இருக்கற மாதிரி தெரியுது."

அவள் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். அண்ணன் பிள்ளைகளுக்கு ஜாதகம் எழுதியபோது, ஆயுள் கட்டத்துக்கு வந்ததும் அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது இவருக்கு நினைவுக்கு வந்தது. இப்போது சாம்சனுக்கு அவர் கையாலேயே அற்பாயுசு எழுதிக் கொடுத்தாகிவிட்டது! மார்க்குத் தாளை ஜாதகமாகவே எண்ணிவிட்டார் மனுஷன்.

ரோட்டுக்கு ஓடினார். அடுத்த ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே பத்துப் பேர். முனிகிருஷ்ணன் பதினோராவது ஆளாய்த் தொற்றிக்கொண்டு, ஒரு மீன்காரம்மாவின் கூடையையும் மடியில் வாங்கிக்கொண்டார். ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், புறப்படவிருந்த பஸ்ஸுக்குள் பூமிகா உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய் நின்றார்.

"மேடம், நான் போட்டதெல்லாம் பொய்யி! என்கிட்டயே இருக்கட்டும்னு அப்டி போட்டுட்டேன். அழிச்சிடுங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பூமிகாவுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. "சார், மார்க்கு கொறச்சு போட்டா ஆயுசு கொறஞ்சுடாது. ஆனா உண்மையத்தான் போடணும்" என்றாள்.

"அதெல்லாம் தெரியாது மேடம். அவன் எப்டி கீறானோ அப்டியே எழுதிக்கங்க."

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தன் பேனாவை நீட்டினார்.

"மத்ததுங்களோட சேருவானா?"

"ஏழு."

"விட்டுக்கொடுப்பானா?"

"அவன் ஏழு மேடம். நான்தான் ஒண்ணு."

இரண்டு வாரம் கழித்து, ஒரு காலையில் நடுக்கதவைத் திறந்தார்கள். சாம்சன் தயங்கவே இல்லை. நேரே போய் அந்த இரண்டில் பெரியவள் முன்னால் உட்கார்ந்தான். அவள் அவன் முதுகு ரோமத்தைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு சுகமாய்ச் சாய்ந்தான். இருபத்தெட்டு வருஷத்தில் இவர் செய்ய முடியாத உபசாரம் அது. கம்பிக்கு வெளியே முனிகிருஷ்ணன் அழுதார், சிரிக்கவும் செய்தார். "போடா, போ! நல்லா இரு!" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மத்தியானம் டிபன் கேரியரோடு பழைய கூண்டுக்கே கால் போயிற்று. காலிக் கூண்டு. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி நடந்து, ஷெட் வாசலில் வந்து நின்றார்.

முதலில் பார்த்தது பானுதான். "அண்ணாவுக்கு ஆயுசு நூறு! இப்பதான் உங்களப் பத்தி பேசிக்கினு இருந்தோம். வாங்கண்ணா, இப்டி குந்துங்க."

"இன்னா பேசினீங்க?"

"சாம்சன் அந்தாண்ட பூட்டான், அண்ணா எங்க போய் துன்னுவாருன்னுதான்."

ஆறு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். முழங்கை முழங்கையோடு இடித்தது. முனிகிருஷ்ணன் உட்கார்ந்து, மேல் அடுக்கைத் திறந்து, கத்தரிக்காய் வறுவலை எல்லாருக்கும் எட்டும்படி நடுவில் தள்ளி வைத்தார்.