மூன்றாம் பீப்பாயை வலம் வரவும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை சரியாக ஒன்பது ஐம்பதுக்கு, எங்கள் அம்பாசடரின் டிக்கியில் இருந்த துவரம்பருப்பு மூட்டையை ஒருவர் கண்டுபிடித்தார். எல்லாம் கெட ஆரம்பித்தது அப்போதுதான்.

“இது என்னம்மா?”

“பருப்பு.”

“ரேஸுக்கா?”

கேட்டவர் மெட்ராஸிலிருந்து வந்த மோட்டார் கிளப்பின் பரிசோதகர். இடம், முசரவாக்கத்துப் பக்கம் கோடையில் வறண்டு கிடக்கும் ஓர் ஏரி. அதற்குள்ளே தார்ப் பீப்பாய்களுக்கு வெள்ளை அடித்து நிறுத்தி, ஆட்டோகிராஸ் என்று ஒரு போட்டி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன் — எனக்கே போன மாதம்தான் தெரியும் — இதற்கு ரேஸ் கார் வேண்டாம். நீங்களும் நானும் கல்யாணத்துக்குப் போகிற கார் போதும். பீப்பாய்களுக்கு நடுவே ஒவ்வொரு காராக வளைந்து நெளிந்து ஓட வேண்டும். ஒருவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நேரம் பார்ப்பார். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? ஓட்டப் போவது என் பெண் ஆயிற்றே!

சுமதிக்கு இருபத்துமூன்று வயது. ஜூனில் வேலூரில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர வேண்டும். வாரா வாரம் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போய் வருவது அவள் திட்டம். பஸ்ஸில் போ என்பது என் திட்டம். அவள் அப்பா வழக்கம்போல, “அம்மாவைக் கேளு” என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். பத்து நாள் சண்டைக்குப் பிறகு நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். இந்தப் போட்டியில் ஒரு பீப்பாயையும் தட்டாமல், வழி தவறாமல் ஓட்டி முடித்தால் கார் அவளுக்கு. தவறினால் பஸ். அவள் ஓட்டும்போது நானும் பக்கத்தில் உட்காருவேன்.

மறைப்பானேன்? எப்படியும் தட்டுவாள் என்று நம்பித்தான் வாக்குக் கொடுத்தேன்.

காருக்குள் உருளக்கூடிய எதுவும் இருக்கக் கூடாதாம். பருப்பை இறக்கினோம். குடையை இறக்கினோம். கூஜா, ஜாக்கி, சீட்டுக்கு அடியிலிருந்து யாருடையதோ ஒற்றைச் செருப்பு… நான்கு வீல் கப்பையும் கழற்றச் சொன்னார்கள். மற்றவர்கள் எல்லாம் அந்த நேரத்தில் ஏரிக்குள் நடந்து போய் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கருவேல மரத்தடியில் மளிகைக் கடை பரப்பிவிட்டு நிமிர்ந்தபோது அந்த நடை முடிந்துவிட்டது. சீட்டுக் குலுக்கினால் — முதல் நம்பர் எங்களுக்கு!

“கவலைப்படாதீங்கம்மா, பேப்பர்ல எல்லாம் விவரமா இருக்குது” என்று ஒரு தாளை நீட்டினார் ரஹீம் பாய். நம்மூரில் பேட்டரிக் கடை வைத்திருப்பவர். கிளப்புக்கு உள்ளூர் ஆள் அவர்தான். ஆங்கிலத்தில் வந்த விதிகளைத் தமிழாக்கி, சைக்ளோஸ்டைல் எடுத்தவரும் அவரே. ஆங்கிலத் தாள் தீர்ந்துவிட்டது. தமிழ்த் தாள் என் கைக்கு வந்தது.

அடுத்து ஹெல்மெட். என் கொண்டைக்கு மேல் அது உட்கார மறுத்தது. நாற்பத்தெட்டு வயதில், நூறு பேர் பார்க்க, ஏரி நடுவே கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டேன். இதற்காகவா பெற்றோம்?

“ம்மா, நீ படி. நான் ஓட்டறேன். வேற ஒண்ணும் பேசாதே.”

கொடி இறங்கியது.

பெஞ்ச் மாதிரி நீளமான சீட்டில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? முதல் பீப்பாயில் வண்டி இடப்பக்கம் ஒடித்தது — நான் வழுக்கிப் போய் சுமதியின் தோளில் மோதினேன். இரண்டாவதில் வலப்பக்கம் ஒடித்தது — திரும்பி வந்து கதவில் மோதினேன். இன்ஜின் அலறியது. நான் அதைவிட அதிகமாக அலறினேன். காய்கறி வாங்கப் போகும்போது முனகிக்கொண்டே போகிற வண்டி இதுதானா?

“மூணாவது! எப்படிம்மா போகணும்? சீக்கிரம்!”

தாள் காற்றில் படபடத்தது. புழுதிக்குள் கண்ணை இடுக்கிப் படித்தேன்: ‘மூன்றாம் பீப்பாயை வலம் வரவும்.’

“வலம் வாடி! வலம்!”

அவள் ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்கச் சுழற்றினாள். பின்சக்கரங்கள் மண்ணில் சறுக்கின. வண்டி பக்கவாட்டில் போனது… ஆமாம், நண்டு மாதிரி! ஜன்னல் வழியாக ஏரியே உள்ளே வந்தது. எந்தக் கணமும் ‘டங்’ என்று கேட்கும் என்று கண்ணை மூடினேன். கேட்கவில்லை. திறந்தால், பீப்பாய் அசையாமல் நிற்கிறது. சுமதி பல்லைக் கடித்தபடி ஸ்டியரிங்கை நேராக்கிவிட்டாள். அப்போது ஒரு குரல், “விடாதே! அழுத்து! அழுத்துடி கண்ணு!” என்று கத்தியது.

வண்டியில் இருந்தது இரண்டே பேர். சுமதி கத்தவில்லை.

முடிவுக் கோட்டைத் தாண்டி நின்றோம். ஒரு பீப்பாய்கூட விழவில்லை. நான் சிரித்தேன், அழுதேன், இரண்டுக்கும் நடுவே தும்மினேன். அப்புறம்தான் சிவப்புக் கொடியோடு ஓடி வந்த ஆளைப் பார்த்தேன்.

“ராங் ரூட். மூணாவது டிரம்மைத் தலைகீழாச் சுத்திட்டீங்க. இடது பக்கம் வச்சுச் சுத்தணும். இந்த ரன் செல்லாது.”

சுமதி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “வேலூர் பஸ் எத்தனை மணிக்குன்னு விசாரிச்சு வைக்கிறேன்மா” என்றாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. பேசாமல் பருப்பை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம் அல்லவா? போனேனா?

ஹெல்மெட்டோடு இறங்கினேன். “யாருய்யா செல்லாதுன்னது? உங்க தாள்ல என்ன போட்டிருக்கு? வலம் வரவும்னு போட்டிருக்கா இல்லையா?”

“இங்கிலீஷ்ல தெளிவா இருக்கும்மா…”

“அப்புறம் தமிழ்ல எதுக்குக் கொடுத்தீங்க?”

ரஹீம் பாயைக் கூப்பிட்டார்கள். பாவம், அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே வந்தார். “சுத்தி வரணும்னு இருந்திச்சு சார். சுத்தி வர்றதை இந்த ஊர்ல வலம் வர்றதுன்னுதானே சொல்லுவாங்க? நான் இங்கேயே பொறந்து வளந்தவன், வேற எப்படி எழுதுவேன்?”

வேடிக்கை பார்க்க வந்திருந்த கிராமத்துப் பெண்கள் நெருங்கி வந்தார்கள். ஓர் அம்மாள் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்: “இன்னா சார் இது? அந்தப் பொண்ணு கோயில் சுத்தற மாதிரி நேரா சுத்திக்கினு வந்திச்சு. நீ அதை எடம் சுத்தச் சொல்றியே, இன்னா எழவா வுழுந்துது இங்க?”

“கருமாதிக்குத்தாம்பா அப்பிடி சுத்துவாங்க!” என்றார் பின்னாலிருந்த ஒருவர். கூட்டம் சிரித்தது. கொடிக்காரர் சிரிக்கவில்லை.

நான் விடவில்லை. பீப்பாய் விழுந்ததா, சொல்லுங்கள் என்றேன். அவள் தட்டினாளா என்றேன். தாளைப் படித்துச் சொன்னவள் நான், தப்பு என்னுடையது, அவளை ஏன் தண்டிக்கிறீர்கள் என்றேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே உறைத்தது. எந்த ஓட்டம் செல்லக் கூடாது என்று நான் உள்ளூர வேண்டிக்கொண்டு வந்தேனோ, அதே ஓட்டத்துக்காகத்தான் இத்தனை சண்டையும்!

பெற்றவர்களின் பயம் ஒரு விசித்திரப் பிராணி. பிள்ளை ஜெயித்துவிடக் கூடாதே என்று இரவெல்லாம் விழித்திருக்கும். விடிந்ததும், பிள்ளையைத் தோற்கடிக்க எவனாவது வந்தால் அவன்மேலேயே பாயும்.

குடைக்குக் கீழே கிளப்காரர்கள் நான்கு பேர் கூடிப் பேசினார்கள். ஆங்கிலத் தாளையும் தமிழ்த் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ரஹீம் பாய் காற்றில் விரலால் வட்டம் போட்டுக் காட்டினார், முதலில் இப்படி, அப்புறம் அப்படி. சுமதி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவர்களில் மூத்தவர், கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்க, புழுதியில் நடந்து எங்களிடம் வந்தார். குனிந்து சுமதியிடம், “தாள் விஷயத்துல எங்க மேலயும் தப்பு இருக்கும்மா. மறுபடி ஓட்டலாம். மூணாவது டிரம் உனக்கு இடது பக்கம், ஞாபகம் வச்சுக்கோ” என்றார்.

நான் மறுபக்கம் ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். அவர் அந்தக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

“இன்னொரு ரவுண்டு பொண்ணுக்குத்தாம்மா. உங்களுக்கு இல்லை.”