பச்சைப் பட்டனும் அறுபது கறுப்புப் பூச்சிகளும்

பதினோராயிரத்து நானூற்று ஆறு. பார்ட்ஸ்காரர் தன் கைப்பட எழுதி வைத்திருக்கும் நோட்டின்படி, அவர் வீட்டின் இரண்டாவது அறையில் கிடக்கும் மின்னணு உதிரிபாகங்களின் எண்ணிக்கை இது. திருகாணிகள் இதில் சேர்த்தி இல்லை. பத்தொன்பது ஆண்டுகளில் இவற்றைக் கொண்டு அவர் செய்து முடித்த பொருள்கள் இரண்டு. ஒன்று, சிவப்பும் பச்சையுமாக மாறி மாறிக் கண்சிமிட்டும் பெட்டி. எதற்கு என்று கேட்கக் கூடாது. மற்றது, அறையின் வெப்பத்தைக் காட்டும் கருவி. கொளுத்தும் வெயிலிலும் கொட்டும் மழையிலும் அது இருபத்தேழு டிகிரியே காட்டுகிறது.

பகலில் அவர் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பிரிவு எழுத்தர். தெருவில் அவருக்குப் பார்ட்ஸ்காரர் என்று பெயர் விழுந்து வெகு நாளாகிறது. அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். கிண்டல் தோலைத் தாண்டி உள்ளே போகாத உடம்பு.

அந்த வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் கணவனும் மனைவியும். இன்னொன்றில் பதினோராயிரத்து நானூற்று ஆறு. ஆகவே, பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துபோன மாமனாருக்குக் கூடத்தில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டார்கள். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். வாய் கோணி, பேச்சு குழறி, ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் நிற்பவருக்கு வேறு வேலை வந்துவிடும்.

தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பார்ட்ஸ்காரரின் மனைவி சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் லீவு எடுத்தாள். கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அளவு எடுப்பது அவள் வேலை. லீவு முடிந்து திங்கட்கிழமை காலை போய் நிற்காவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்காருவாள். மேலாளர் இதை எழுத்திலேயே கொடுத்திருந்தார்.

ஆறு மாதத்தின் முதல் வாரத்திலேயே ஒரு சம்பவம் நடந்தது. அவள் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அப்பா கட்டிலிலிருந்து பாதி சரிந்து, தலை கீழே தொங்க, நாற்பது நிமிடம் அப்படியே கிடந்தார். கூப்பிட்டிருக்கிறார். கேட்கவில்லை. அன்றைக்கே மேல்வீட்டுத் தையல்காரம்மா ஒரு யோசனை சொன்னாள். பகலெல்லாம் தான் வீட்டில்தான் இருப்பதாகவும், ஒரு மணி வைத்து அது தன் வீட்டில் அடிக்கிற மாதிரி செய்துவிட்டால் இறங்கி வந்து பார்ப்பதாகவும் சொன்னாள். தையல் மெஷின் சத்தத்தில் கூப்பாடு காதில் விழாது, மணி மட்டும் உரக்க அடிக்க வேண்டும் என்பதே அவள் நிபந்தனை.

கடையில் ஒரு மணி வாங்கிவிடலாம் என்றாள் மனைவி. பார்ட்ஸ்காரருக்கு அது தன்மானப் பிரச்சினையாகிவிட்டது.

“நான் இருக்கும்போது கடையில மணி வாங்குவியா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

நாலு பேர் ஏற்கெனவே நினைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது அவருக்குத் தெரியாது.

ஒரு பட்டன், டைமர் ஐசி என்கிற எட்டுக்கால் சில்லு ஒன்று, ஒரு ஸ்பீக்கர், ஓர் அரை டஜன் சில்லறைச் சாமான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு மத்தியானத்தில் செய்துவிடும் மின்சுற்று. பார்ட்ஸ்காரர் முதல் மாதத்தை வரைபடத்துக்குக் கொடுத்தார். இரண்டாவது மாதம், தன்னிடமிருக்கும், ஈயம் உருக்கும் நான்கு பற்றவைப்புக் கோல்களில் எதுவும் இந்த வேலைக்குச் சரிப்படாது என்று கண்டுபிடித்தார். ஐந்தாவது வந்தது. அதன் முனை பழகட்டும் என்று ஒரு மாதம். பிறகு ஸ்பீக்கர் தேடும் படலம். வீட்டில் பதினாறு ஸ்பீக்கர் உண்டு. ஒன்றிலும் ‘குணம்’ இல்லையாம்.

சனிக்கிழமைதோறும் உதிரிபாகச் சந்துக்குப் போவார். அந்தச் சந்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் தார்ப்பாய். தார்ப்பாய் மேல் உரித்துப்போட்ட டிவிகளின் குடல்கள். நடுவில் தோள் இடிக்கும் கூட்டம். அதில் கால்வாசிப் பேர் பழுது பார்ப்பவர்கள். வருவார்கள், கேட்பார்கள், எடுப்பார்கள், போய்விடுவார்கள். மிச்சம் முக்கால்வாசியும் பார்ட்ஸ்காரரின் சாதி. கழுத்தில் பூதக்கண்ணாடி. ஒரு ஐசியைப் பத்து நிமிடம் புரட்டிப் பார்த்து, அதன் பிறப்பு வளர்ப்பை விற்பவளுக்கே விளக்கிவிட்டு, கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்வார்கள். சாமானை எடை போட்டு விற்கும் பெண்ணை எல்லோரும் தராசுக்காரம்மா என்பார்கள். பொறுமைசாலி. அவளும் ஒரு நாள் பார்ட்ஸ்காரரிடம் சொல்லிவிட்டாள்.

“என்ன சார், கத்திரிக்காய்க்குச் சொத்தை பார்க்கிற மாதிரி பார்க்கிறீங்க. இது வேகாது சார். எடுத்துட்டுப் போய் வேலை செய்ங்க.”

அவர் எடுத்துக்கொண்டு வந்தார். டைமர் ஐசி வாங்கப் போனவர் கையில் இரண்டு டைமரும், கூடவே ஒரு பை நிறைய வேறு சாமானும் இருந்தன. இப்படியே இருபது சனிக்கிழமை போயிற்று. மாமனார் எல்லாவற்றையும் கட்டிலில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை, பையோடு உள்ளே வந்த மருமகனைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக இழுத்து ஒரு கேள்வி கேட்டார்.

“மாப்பிள்ளை... வண்டி... இன்னும்... ஷெட்லதானா?”

கடைசிச் சனிக்கிழமை வந்தது. திங்களன்று அவள் வேலைக்குப் போக வேண்டும். அன்று பார்ட்ஸ்காரர் உண்மையிலேயே உட்கார்ந்தார். மேசை துடைத்தார். விளக்கைச் சாய்த்தார். ஐசி டப்பாவைத் திறந்தார். அப்போதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

சந்தையில் போலி ஐசிகள் உலவுவது உண்மைதான். மட்டமான சரக்கின் மேல்புறத்தைத் தேய்த்துவிட்டு, நல்ல சரக்கின் எண்ணை அச்சடித்து விற்பார்கள். நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனைத் தொட்டுத் துடைத்தால் போலியின் எழுத்து அழியும் என்று பார்ட்ஸ்காரர் தன் வாட்ஸாப் குழுவில் படித்திருந்தார். அந்தக் குழுவில் இருநூறு பேர். எல்லோரும் படித்திருந்தார்கள். ஒருவரும் செய்து பார்த்ததில்லை.

ஒன்றைத் துடைத்தார். எழுத்து அழிந்தது. போலி. இன்னொன்றைத் துடைத்தார். அதுவும் போலி. அந்தத் தராசுக்காரி தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று ஆத்திரம் தலைக்கேறியது. டைமர் மட்டும் அல்ல, அந்த டப்பாவில் எட்டுக் கால் உள்ள ஐசி எத்தனை உண்டோ அத்தனையையும் ஒரே எவர்சில்வர் தட்டில் கொட்டி, பஞ்சை நனைத்து, பாத்திரம் விளக்குகிற வேகத்தில் துடைத்துத் தள்ளினார். அறுபதும் போலி. உலகமே போலி.

மையால் எழுத்துப் போட்ட பழைய நல்ல ஐசிகளும் அசிட்டோனில் அழியும். இது அறுபதாவதுக்குப் பிறகு அவர் நினைவுக்கு வந்தது. தட்டில் அறுபது கறுப்புப் பூச்சிகள், ஒன்றன் முதுகிலும் பெயர் இல்லை. எது டைமர், எது வேறு என்று சொல்ல இனி அவற்றைச் செய்தவனே வந்தாலும் முடியாது.

மனைவி வாசற்படியில் நின்று தட்டைப் பார்த்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவர் சொன்னார். போலிச் சந்தை, நேர்மையற்ற காலம், தராசுக்காரி என்று நீண்ட விளக்கம். அவள் முழுதும் கேட்டாள்.

“மணி?”

“ஒரு வாரம் டைம் கொடு. நல்ல இடத்துல சொல்லி வரவழைக்கிறேன்.”

“திங்கட்கிழமைக்கு ஒரு வாரம் கிடையாதுங்க. ஒரு நாள்தான் இருக்கு.”

ஞாயிறு காலை அவள் மின்சாமான் கடைக்குப் போய், கம்பி இல்லாமல் அடிக்கும் வாசல்மணி ஒன்று வாங்கி வந்தாள். மணியைத் தையல்காரம்மா வீட்டில் செருகினாள். அடித்துப் பார்த்தார்கள். மெஷின் ஓடும்போதும் நன்றாகக் கேட்டது. ஆனால் பட்டன் துவரம்பருப்பு அளவு. ஆறு மாதப் படுக்கையில் அப்பாவின் இடது கையிலும் விரல்களுக்குப் பலம் போய்விட்டது. கட்டை விரல் பட்டனைத் தேடி வழுக்கியது. ஐந்து தடவை முயன்றார். ஆறாவது தடவை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் அவள் நேரே இரண்டாவது அறைக்குள் போனாள். பத்தொன்பது வருடத்தில் அந்த டப்பாக்களை அவள் தொட்டதில்லை. தொட அனுமதியும் இல்லை. ‘பிறகு பார்க்கலாம்’ என்று சீட்டு ஒட்டிய ஏழு டப்பாக்களைத் தரையில் கவிழ்த்தாள். ஆறாவதில் கிடைத்தது. ஏதோ பழைய அச்சு இயந்திரத்தைக் கிளப்பும் பச்சைப் பட்டன், உள்ளங்கை அகலம். முழங்கையால் தட்டினாலும் அமுங்கும்.

இதை அந்த மணியோடு சேர்த்துத் தரச் சொன்னாள். பார்ட்ஸ்காரர் வாசல்மணியின் சின்னப் பட்டனைத் திறந்து பார்த்து, உள்ளே இருப்பது மட்டமான வேலை என்றார். புதுக் கோலின் முனை இதற்குத் தடிமன், மெல்லிய முனை ஒன்று வர வேண்டும் என்றார். அவள் இரண்டையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள்.

அங்கே செல்போன் பழுது பார்க்கும் பெண் ஒருத்தி உண்டு. ஓர் ஆள் நிற்கும் அளவு கடை. கைப்பிடி உடைந்து டேப் சுற்றிய ஒரே ஒரு பற்றவைப்புக் கோல். பச்சைப் பட்டனைத் தட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு ஒயர்தானேக்கா. நில்லுங்க.”

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முடித்துக் கையில் கொடுக்கும்போது, பட்டன் ரொம்ப நல்ல பொருள், யார் பார்த்து வாங்கினார்களோ தெரியாது, விவரமான ஆள் என்றும் சொன்னாள். மனைவி இந்த ஒரு வரியை மட்டும் வீட்டில் வந்து சொல்லியிருக்க வேண்டாம். பார்ட்ஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சிறிது நேரத்தில் பச்சைப் பட்டனின் படம் வாட்ஸாப் குழுவில் ஏறியது. ‘ஆறு மாத ஆராய்ச்சி. நோயாளிகளுக்கான அழைப்பு மணி. வெற்றி.’ இருநூறு பேரில் நூற்று எழுபது பேர் கைதட்டினார்கள். நோட்டில் ‘முடித்தவை’ என்ற தலைப்பின் கீழ் மூன்றாவது வரி சேர்ந்தது.

பட்டனைக் கட்டில் சட்டத்தில் இடது கைப்பக்கம் கட்டினார்கள். மாமனார் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். மேலே மணி அடித்தது. தையல்காரம்மா இறங்கி வந்தாள். ஒன்றுமில்லை, சும்மா. மறுபடி அமுக்கினார். மறுபடி வந்தாள். மூன்றாம் தடவை, வாயில் கவ்விய ஊசியோடு வந்து நின்றாள். ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

“டிரைவர் ஐயா, ஹாரன் நல்லா இருக்கா?”

அவர் முகத்தில் அசையக்கூடிய பாதி சிரித்தது.

மகள் ஆஸ்பத்திரிச் சீருடைக்கு இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கவிட்டிருக்கிறாள். நாளை காலை எட்டு பத்து பஸ்.