மொத பத்து ஓவர் சும்மா

போர்வெல் எல்லாம் வத்திப்போயி, எங்க ஈஜிபுராவுல தண்ணி லாரி ஹாரன் கேட்டா கொடத்தத் தூக்கிக்கினு ஓடினோமே, ஒரு வெயில் காலம்? அந்த லாரி வர்றது நின்னு, நல்லா ரெண்டு மழ பேஞ்சப்பறம் நடந்தது இது.

தொம்மலூர்ல எனக்கு ஒரு கூட்டாளி. கோலார் தங்க வயல்ல நானும் அவனும் ஒரே ஷிப்ட்டு, ஒரே கூண்டுல சுரங்கத்துல எறங்குவோம். அவன் பேத்தி கிரிக்கெட் ஆடுது. மொத மொதலா டிவில வரப்போவுதுன்னு சேதி. அவன் வூட்டு டிவில அந்த சேனல் இல்ல, என் வூட்டுல இருக்குது. மத்தியானமே பஸ் புடிச்சி வந்துட்டான், கல்யாணத்துக்கு வர்றாப்புல வெள்ளச் சட்ட போட்டுக்கினு.

எங்க தங்க வயல் பழக்கம் ஒண்ணு சொல்லணும். ஷிப்ட்டு முடிஞ்சி மேல வந்தா உடம்பெல்லாம் மண்ணு. ரேடியோவுல மேட்ச் ஓடிக்கினே இருக்கும். யாரும் அவசரப்பட மாட்டோம். "மொத பத்து ஓவர் சும்மாடா, பந்து பளபளப்பு போவட்டும்"னு குளிச்சி, களி துன்னுட்டு தான் ரேடியோகிட்ட குந்துவோம். அஞ்சு நாள் மேட்ச்சு, எங்க ஓடிடப்போவுது? எங்க லைன் வூடுங்கள்ல ஒருத்தரு நாலாம் நாள் தான் ரேடியோவையே தொறப்பாரு. அவரு கத வேற, வுடு.

டிவிய போட்டோம். ரெண்டு பொண்ணுங்க பேட்டோட வந்தாங்க. இவன் பேத்தி அதுல இல்ல. "வா மச்சான், கறிக்கொழம்பு ஆறுது"ன்னேன். "ஆமா, பந்து பழசாவட்டும்"னு அவனும் எழுந்தான். அடுப்பங்கரையில எலும்ப உறிஞ்சிக்கினே பழைய கத. நடுவுல எட்டிப் பாத்தேன். எனக்குப் படிப்பு இல்ல, நம்பரு தெரியும். டிவி மூலையில ஒம்போது ஓவர்னு இருந்துச்சி. "இன்னும் பத்தே ஆவல, நிதானமா துன்னு"ன்னு இன்னொரு கரண்டி ஊத்தினேன்.

கை கழுவிட்டு வந்து பாத்தா விளம்பரம் ஓடுது. வேல முடிஞ்சி வந்த மருமவ சிரிக்கிறா. "மாமா, இது பத்து ஓவர் மேட்ச்சு. ஒரு டீமுக்குப் பத்தே தான். பேத்தி டீமு பேட்டிங் முடிஞ்சிபோச்சி."

கூட்டாளி மூஞ்சி தொங்கிடுச்சி. "அடப்பாவி, கொழம்ப ஊத்தியே கவுத்துட்டியேடா! எப்டி ஆடினேன்னு அவ போன் பண்ணி கேப்பாளே, இன்னா சொல்லுவேன்?"

"கத்தாத. அடுத்த பத்து இருக்குது. கண்ண சிமிட்டாம பாரு."

சிமிட்டல. அந்தப் பொண்ணு பவுண்டரி கயிறுகிட்ட எறும்பாட்டம் நின்னுச்சி. பந்து அந்தப் பக்கமே போவல. கடைசியில ஒண்ணு போச்சி. ஓடி வுழுந்து, வயித்தால தேச்சிக்கினே போயி, கயித்துக்கு முன்னாடி தடுத்துடுச்சி. கூட்டாளி எழுந்த வேகத்துல நாற்காலி கவுந்துச்சி.

போன் வந்துச்சி. "தாத்தா, பாத்தியா?"

இவன் கேட்டான்: "கயிறுகிட்ட வுழுந்தியே, முட்டி தேஞ்சிபோச்சா கண்ணு?"

அந்தப் பொண்ணு சொல்லுது: "மொத பந்துலயே அவுட்டாயிட்டியேன்னு தான் தாத்தா எல்லாரும் கேக்குறாங்க. நீ மட்டும் தான் இத கேட்ட."

உங்க வூட்டாண்ட எங்கள மாதிரி பழைய ஆளுங்க இருந்தா சொல்லிடுங்க: பத்து ஓவர் மேட்ச்சுன்னா, மேட்ச்சுக்கு முன்னாடியே துன்னு முடிச்சிட்டு டிவிய போடு. கொழம்பு சமாச்சாரத்த மட்டும் அந்தப் பொண்ணு காதுல போட்டுடாதீங்க.