சுடாத அடுப்பில் சாத்தமுது

பேய் என்று ஒன்று கிடையாது. வேதத்தின் பேரிலும், விஞ்ஞானத்தின் பேரிலும், முப்பது வருஷ பேங்க் சர்வீஸின் பேரிலும் இதை நிரூபிக்கச் சின்ன காஞ்சிபுரம் யதிராஜனால் முடியும். பலமுறை நிரூபித்தும் இருக்கிறார். இருட்டிய பிறகு மாடியில் உலர்த்திய வேட்டியை எடுத்து வர மட்டும் அவருக்குத் துணைக்கு ஆள் வேண்டும்.

இது அவர் குடும்பத்தில் நடந்தது. ஒரு வரிகூட இட்டுக்கட்டியது இல்லை. அவருக்குத் தெரிந்தது பாதிதான். மீதி அவர் மனைவி குமுதவல்லிக்குத் தெரியும். அவள் பொய் சொல்லி சன்னதி வீதியில் யாரும் கேட்டதில்லை. அந்தப் பெயரைத் தவிர அவளுக்குச் சொத்தும் கிடையாது.

யதிராஜன் வேறு கை சமைத்த சோற்றைத் தொடமாட்டார். அதுதான் அவருடைய பெருமை. கல்யாண வீடுகளில் முதல் பந்தியில், எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்து, ஒரு வாழைப்பழத்தோடு எழுந்துவிடுவார். "பரான்னம் நமக்கு வழக்கமில்லை" என்பார். வீட்டுக்கு வந்ததும் குமுதவல்லி பட்டுப்புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு அடுப்பை மூட்டுவாள்.

இரண்டாயிரத்து இரண்டு, வைகாசி. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு நாலு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த நாலு பேர் காதில் விழும்படி யதிராஜன் கேட்டார்.

"உனக்கு என்ன வேணும், கேளு."

"ஒரு நாள் நான் உக்காரணும். வேற யாராவது தளிகை பண்ணிப் போடணும்" என்றாள் குமுதவல்லி.

"ப்பூ, இவ்வளவுதானா! ஃபாரினுக்கே அழைச்சிண்டு போறேன்."

நாலு பேரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் ஹோட்டல் வாடகை என்ன, சாப்பாடு என்ன என்று விசாரித்தார். விசாரித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் ஒரு புது வார்த்தையோடு எழுந்தார். செல்ஃப் கேட்டரிங். கோலாலம்பூரில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி வாசுதேவ் சொன்னதாம். மலேசியாவில் கேமரன் மலையில் ஒரு பழைய பங்களா, ஒரு வாரத்துக்கு, பாதி வாடகைக்கு. அடுக்களையோடு.

"அம்மா, அப்படீன்னா நீதான் சமைக்கணும்னு அர்த்தம்" என்றாள் காலேஜ் படிக்கும் மகள் ஸிந்துஜா.

"தெரியறதுடி" என்றாள் குமுதவல்லி.

அரிசி, துவரம்பருப்பு, புளி, அப்பளம், வடுமாங்காய், குக்கர், கரண்டி, தேங்காய் துருவி. சாமான் கட்டைப் பார்த்துவிட்டு வேன் டிரைவர் முனிசாமி கேட்டான்.

"இன்னா சாமி, டூர் போறீங்களா, குடி மாறிக்கினு போறீங்களா?"

"சிக்கனம்பா. வெளிதேசத்துல சாப்பாட்டுக்குன்னு ஒரு காசு செலவில்லை."

"அம்மாவுக்கு லீவு வாணாமா?"

"அவளுக்கென்ன? புது அடுக்களை."

குமுதவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

கேமரன் மலையில் பனி. பங்களா ஒரு சரிவில் தனியாக நின்றது. சாவியோடு வந்தவள் மரியம்மாள். எஸ்டேட் தமிழ்ப் பெண், ஐம்பது வயதிருக்கும். அறைகளைக் காட்டிவிட்டு, "ஐயா, அந்த சமையல்கட்டுல..." என்று ஆரம்பித்தாள்.

"எங்காத்துத் தளிகைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்மா" என்றார் யதிராஜன். நின்றால் டிப்ஸ் கேட்பாளோ என்று கதவைச் சாத்திவிட்டார்.

முதல் நாள். விடிகாலை நாலரை. குமுதவல்லி தலைக்குக் குளித்து, மடியாக அடுக்களைக்குள் போனாள். மேடைமேல் பழைய கேஸ் அடுப்பு. கீழே சிலிண்டருக்கான சின்ன அலமாரி, சாத்தியிருந்தது. திருகினாள். தீக்குச்சியைக் காட்டினாள். பற்றிக்கொண்டது.

நீலச் சுடர். ஆனால் 'உஸ்' என்கிற சத்தம் இல்லை. ஃபாரின் அடுப்பு, சத்தம் போடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

குளிருக்கு இதமாகச் சுடர்மேல் கையை நீட்டினாள்.

சுடவில்லை.

இன்னும் கிட்டே கொண்டுபோனாள். ஈரத்துணிக்குப் பக்கத்தில் கை வைத்த மாதிரி இருந்தது. அரிசி மட்டும் கொதித்தது.

புளியோதரை கட்டிக்கொண்டு ஊர் பார்க்கப் போனார்கள். தேயிலைத் தோட்டம் பார்த்தார்கள். ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் யதிராஜன் போட்டோ எடுத்தார், பழம் வாங்கவில்லை. ஒரு ஹோட்டல் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். உள்ளே யாரோ ஒருத்திக்கு யாரோ பரிமாறிக்கொண்டிருந்தார்கள். குமுதவல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் அவள் உள்ளே நுழையும்போதே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

நேற்று அணைக்க மறந்தேனா? இல்லை. அணைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது. மேடைமேல் பீன்ஸ் நறுக்கி வைத்திருந்தது. அவள் பொடியாக நறுக்குகிறவள். இது சாய்வாக, நீளநீளமாக இருந்தது.

"நீ நறுக்கினியாடி?"

போர்வைக்குள்ளிருந்து ஸிந்துஜா, "கனாக் கண்டியாம்மா?" என்றாள்.

"வயசாறதோன்னோ, மறதி" என்று தீர்ப்புச் சொன்னார் யதிராஜன். நறுக்கின காயை வீணாக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

மூன்றாம் நாள். நாலேகால் இருக்கும். குமுதவல்லி இன்னும் படுக்கையில்தான் இருந்தாள்.

சடசட... சடசட...

கடுகு வெடிக்கிற சத்தம்.

பிறகு பெருங்காய வாசனை. மிளகு. சீரகம். யாரோ சாத்தமுது வைக்கிறார்கள். ரசத்தை அந்த வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

இந்தப் பக்கம் யதிராஜனின் குறட்டை. அந்தப் பக்கம் ஸிந்துஜாவின் கால் இவள்மேல் கிடந்தது. வந்தது மூன்று பேர். மூன்று பேரும் இங்கே இருக்கிறார்கள்.

அப்படியானால் அங்கே...

எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அடுக்களைக் கதவு திறந்திருந்தது. உள்ளே நீல வெளிச்சம்.

தரையில் ஈரக் கால்தடம். கொல்லைக் கதவிலிருந்து அடுப்பு வரை. திரும்பிய தடம் இல்லை.

ஆள் இல்லை.

சொட்...

அடுப்புக்கு முன்னால், தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

சொட்... சொட்...

நிமிர்ந்து பார்த்தாள். மேலே ஒன்றும் இல்லை. குளித்துவிட்டு ஈரப்புடவையோடு நிற்கிறவளின் கொசுவத்திலிருந்து விழுகிற மாதிரி, முழங்கால் உயரத்துக் காற்றிலிருந்து விழுந்தது.

கரண்டி பாத்திரத்தில் தட்டியது. ணங்...

கத்த வாயைத் திறந்தாள். 



அப்போதுதான் சோற்றுத் தவலையைப் பார்த்தாள். சாதம் வடித்திருந்தது. பருப்பு வெந்திருந்தது. கறியமுது தாளித்திருந்தது. அவள் செய்வதற்கு ஒரு வேலைகூட மிச்சமில்லை.

பயம் இருந்த இடத்தில் வேறு ஏதோ கிளம்பியது. ஓடினால் என்ன ஆகும்? இவரை எழுப்ப வேண்டும். இவர் ஸ்லோகம் சொல்வார். சொல்லி முடித்துவிட்டு, சரி, அடுப்பைப் பற்ற வை என்பார். இருபத்தைந்து வருஷத்தில் கேட்டது ஒன்றே ஒன்று. அது இதோ, கொதித்துக்கொண்டிருக்கிறது.

"யாரு நீ?" என்றாள். 

சொட்டுவது நின்றது.

"யாரா வேணா இருந்துக்கோ. நான் ஓடமாட்டேன். கேட்டுக்கோ, எனக்கு இன்னிக்கு லீவு."

சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தாள். உடம்பு நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"உப்பு கம்மியாப் போடு. அவருக்கு பி.பி."



பிறகு... சாமான் பலகைப் பக்கமாக... சொட்... சொட்...

உப்பு ஜாடியின் மூடி திறந்தது.

மூடியது.

வெளிச்சம் வரும் வரை குமுதவல்லி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். விடிந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. தரை காய்ந்திருந்தது.

யதிராஜன் குளித்து, திருமண் இட்டு, வரதர் படத்துக்கு முன் மணி அடித்து, அத்தனையையும் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணினார். பிறகு உட்கார்ந்தார். குமுதவல்லியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீயும் உக்காந்துட்டியே, யார் பரிமாறறது?"

"எடுத்துப் போட்டுக்கோங்கோ. கை இருக்கோன்னோ?"

அதிர்ச்சியில் அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார். சாத்தமுது வாயில் பட்டதும் கண்ணை மூடினார்.

"இருபத்தஞ்சு வருஷத்துல இன்னிக்குத்தான் உனக்குக் கை வந்திருக்கு!"

மூன்று தரம் விட்டுக்கொண்டார். உப்பும் சரியாக இருந்தது.

"அம்மா, நாலாவது தட்டு எதுக்கு?" என்றாள் ஸிந்துஜா.

"தளிகை பண்ணினவாளுக்கு."

நீதானேம்மா பண்ணினே என்று மகள் சிரித்தாள். அவர்கள் எழுந்து கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது நாலாவது தட்டு தேய்த்துக் கழுவி, மேடைமேல் கவிழ்த்து வைத்திருந்தது.

மீதி நாட்களும் அப்படியே. குமுதவல்லி விடிகாலையில் எழுந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஈரம் சொட்டும் இடத்தைப் பார்த்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். பதில் வந்ததில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

கிளம்புகிற நாள் மரியம்மாள் வீட்டைச் சரிபார்க்க வந்தாள். பின் அறைக்குப் போனவள், ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். கரண்ட் அடுப்பு. ஒட்டின பிளாஸ்திரி பிரியாமல் இருந்தது.

"இத எடுக்கவே இல்லியா? அப்புறம் எதுலம்மா சமைச்சீங்க?"

"இந்த கேஸ் அடுப்புலதான்" என்றாள் குமுதவல்லி.

மரியம்மாள் போய் மேடைக்குக் கீழிருந்த அலமாரியைத் திறந்தாள். உள்ளே சிலிண்டர் இல்லை. அறுத்துவிட்ட ரப்பர் குழாய் மட்டும் தொங்கியது. அதன் வாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

"கேஸ அறுத்துப் போட்டு மூணு வருசமாச்சு. அத சொல்லத்தான் அன்னிக்கி வாயெடுத்தேன், ஐயா கதவ சாத்திட்டாங்க. கங்கையம்மா போனதுலேருந்து இதுல யாரும் சமைக்கிறதில்ல."

"எந்த கங்கையம்மா?"

"இங்க சமையலுக்கு இருந்தவங்க. ஒருநாள் லீவு குடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. குடுக்கல. ஒரு காலையில இந்த அடுப்புகிட்ட கெடந்தாங்க. தலைக்குக் குளிச்ச ஈரப்புடவை, கையில கரண்டி. ஏன் செத்தாங்க, எப்படிச் செத்தாங்கன்னு யாருக்கும் தெரியாது."

யதிராஜன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"குழாய்ல மிச்சம் மீதி கேஸ் இருந்திருக்கும்" என்றார். பிறகு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் சன்னதி வீதியில் சொற்பொழிவு நடந்தது. கடல் தாண்டியும் வேறு கை பட்ட சோறு ஒரு பருக்கை உள்ளே போகவில்லை என்றார். குமுதவல்லி வாசலில் நின்று முழுவதும் கேட்டாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"தளிகை ஆகலையா?"

"இல்லை. இனிமே ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு."

"என்ன பேச்சு இது? அப்போ யார் பண்ணுவா?"

"வேணும்னா கூப்பிட்டுப் பாக்கறேன். நான் கூப்பிட்டா வருவா."

யதிராஜன் அடுக்களைப் பக்கம் பார்த்தார். பட்டப்பகல்தான். உள்ளே விளக்கு போடாததால் கொஞ்சம் இருட்டாக இருந்தது.

"வேண்டாம், வேண்டாம்" என்றார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மெஸ்ஸுக்குப் போகிறார். சுவரைப் பார்த்துப் போட்டிருக்கும் மேஜையில் உட்கார்ந்து அளவுச் சாப்பாடு சாப்பிடுகிறார்.