நான் காசியில் இருந்தபோது என் மகன் குடித்த பால்

பதினொரு மாதக் குழந்தையைப் பெங்களூரில் விட்டுவிட்டு, கங்கைக்கரையில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு, "நேத்துலேர்ந்து எதுவும் குடிக்கல" என்ற செய்தியைக் கேட்ட தாய் நான். அதற்குப் பிறகு நடந்ததைப் பக்தர்களாகிய உங்கள் முன் சொல்லலாமா, சிலருக்கு மனம் கோணுமோ என்று பல வருடங்கள் தயங்கினேன். சொல்லாமல் இருப்பதுதான் நன்றி கெட்டத்தனம் என்று இப்போது தோன்றுகிறது.

1998, மே மாதம். பெங்களூர் நீலசந்திராவில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் பள்ளி ஆசிரியை. ஜூனில் பள்ளி திறந்தால் வேலைக்குப் போக வேண்டும். என் மகன் கார்த்தியோ என்னிடம் தவிர வேறு எதிலும் பால் குடிக்க மாட்டான். பாட்டிலைத் தட்டிவிடுவான். சங்கில் கொடுத்தால் துப்புவான். பால் மறக்க வைக்க வேப்பிலையை அரைத்துத் தடவிக்கொண்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தான். அவன் சுளிப்பதைப் பொறுக்க முடியாமல் நானே கழுவிவிட்டேன்.

"நீ எதிர்ல இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டாம்மா," என்றார் அத்தை, என் மாமியார். "ஒரு வாரம் கண்ணுல படாம இரு. உம் புருஷனுக்கும் நான் அப்படித்தான் மறக்கடிச்சேன்."

அந்த வாரமே என் கணவர் அலுவலகத்திலிருந்து இரண்டு முதுகுப்பைகளோடு வந்தார். உடன் வேலை பார்க்கும் ரகுவும் அவர் மனைவி மாலாவும் நாளை மறுநாள் காசிக்குக் கிளம்புகிறார்களாம். "ஆளுக்கு ஒரு பை, நாலு துணி. வர்றியா?"

காசி என்றதும் ஒரு கணம் குழந்தையை மறந்தேன். சிறுவயது முதலே கங்கையில் ஒருமுறை மூழ்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு. அந்த ஒரு கணத்துக்காக என்னை நானே எத்தனை முறை திட்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

கிளம்பும் வரை பையை மூன்று முறை கட்டிப் பிரித்தேன். எத்தனை மணிக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "மூணு பெத்தவளுக்கு நோட்ஸ் எழுதிக் குடுக்குறா பாரு டீச்சர்," என்றார். எதிர்வீட்டு ஷமீம் அக்கா, ஆறு மாதப் பெண் நஸ்ரீனை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்று சிரித்தார். "அரே டீச்சரம்மா, முதுகுல மூட்டை! வீட்ட விட்டு ஓடுறியா?"

ரயிலில் இரண்டாம் நாள் மார்பு கல்லாகக் கனத்தது. யாருடைய குழந்தையாவது அழுதால் என் ரவிக்கை நனைந்தது. கழிவறைக்குள் நின்று, ஆடும் வண்டியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, என் மகனுக்கான பாலைப் பிழிந்து கொட்டினேன். "இறங்கித் திரும்பிடலாமாங்க?" என்று கணவரிடம் கேட்டேன். பாதித் தூரம் வந்தாயிற்று என்றார்.

மூன்றாம் நாள் காலையில் காசியை அடைந்ததும் வீட்டுக்குப் போன் செய்தேன். எங்கள் வீட்டில் போன் கிடையாது, கீழ்வீட்டில்தான் உண்டு. வீட்டுக்கார அம்மா, "இரீம்மா, கரீதீனி," என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அத்தையைக் கூப்பிடப் போனார். காத்திருந்தேன். அத்தையின் குரல் நடுங்கியதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"வசந்தி, கொழந்தைக்கு நேத்துலேர்ந்து வயித்தால போகுதும்மா. எதுவும் குடிக்கல. தண்ணியக்கூட துப்பிடுறான். சாயந்தரத்துக்குள்ள எதாவது உள்ள போகலன்னா ஆஸ்பத்திரில சேர்த்து டிரிப்ஸ் ஏத்தணும்னு டாக்டர் சொல்றார். தாய்ப்பால் குடுத்தா போதுமே, அம்மா எங்கன்னு கேட்டார். நான் என்னன்னு சொல்லுவேன்?"

என் கணவரும் ரகுவும் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். எந்த வண்டியில் ஏறினாலும் வீடு போய்ச் சேர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். சாயங்காலத்துக்குள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கால் போன போக்கில் நடந்தேன். மாலாதான் கையைப் பிடித்துப் படித்துறையில் இறக்கினாள்.

அங்கே தமிழ் பேசும் ஒரு புரோகிதர் வந்தவர்களுக்குச் சங்கல்பம் செய்துவைத்துக்கொண்டிருந்தார். காசிக்கு வருபவர்கள் மிகவும் பிடித்த ஒன்றை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். ஒரு பழம், ஒரு காய். ஊர் திரும்பிய பிறகு அதை ஆயுளுக்கும் தொடக் கூடாது.

"நீங்க எதை விடறேள்?"

நான் ஓடும் தண்ணீரைப் பார்த்தேன்.

"சீக்கிரம் சொல்லுங்கோம்மா, பின்னால ஆள் நிக்கறா. கொய்யான்னு சொல்லிடுங்கோ, எல்லாரும் அதான் சொல்றா."

நான் தண்ணீரில் இறங்கினேன். எத்தனை வருட ஆசை அந்தத் தண்ணீர். இறங்கி நின்றபோது அது வேண்டியிருக்கவில்லை. என் மகனின் தலை வாசனை மட்டும் வேண்டியிருந்தது. அதுவரை செய்த பிரார்த்தனை எல்லாம், "என்னை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்" என்பதுதான். நான் போனால்தான் அவன் பிழைப்பான் என்று நம்பினேன். உண்மையைச் சொன்னால், என்னிடம் மட்டுமே குடிக்கிறான் என்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. வேப்பிலையைக் கழுவியது அந்தப் பெருமைதான்.

"தாயே," என்றேன். "இதை விட்டுவிடுகிறேன். என்னிடம்தான் குடிக்க வேண்டும் என்று இனி கேட்க மாட்டேன். யாராவது கொடுக்கட்டும். அவன் குடிக்கட்டும்." மூன்று முறை மூழ்கினேன். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

நான்கு மணிக்கு மறுபடி போன் செய்தேன். எண்களை மாலாதான் அழுத்தினாள்.

"குடிச்சிட்டான் வசந்தி," என்றார் அத்தை. "வயிறு நெறயக் குடிச்சான். மத்தியானத்துலேர்ந்து மூணு தரம். தூங்குறான்."

"எதுல குடிச்சான் அத்தை? பாட்டில்லயா, சங்குலயா?"

"வந்து தெரிஞ்சிக்கோ. டாக்டர் பார்த்துட்டார், பயமில்லன்னு சொல்லிட்டார். போன வை."

பூத்துக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். மறுநாள் காலை கிடைத்த வண்டியில் ஏறினோம். குழந்தை பிழைத்துவிட்டான். ஆனாலும் அந்தப் பயணம் முழுக்க என் கைகள் வெறுமையாக இருந்தன. தலையணைபோல் பையை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தொட்டிலைப் பார்த்தேன். காலி. அத்தை எதிர்வீட்டைக் காட்டினார். அங்கே ஷமீம் அக்கா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் துப்பட்டாவுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்தது என் மகனின் கால்.

"நான்தான் போய்க் கதவைத் தட்டினேன்," என்றார் அத்தை. எதிர்வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காதவர் அவர். "கொழந்த கண்ணு சொருகிடுச்சு. மத்தியானச் சோறு வடிக்கிற நேரம். எது போய்க் கேக்க வச்சதுன்னு எனக்கே தெரியல."

நான் தண்ணீரில் நின்ற நேரமும் அதுதான். தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

"கார்த்தி," என்று கூப்பிட்டேன். துப்பட்டாவை விலக்கி என்னைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பி அவர் மார்பிலேயே புதைந்துகொண்டான். என்னால் தாங்க முடியவில்லை. கங்கையில் விட்டதை அந்த நிமிடமே திரும்பப் பிடுங்கிக்கொள்ளத் துடித்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

ஷமீம் அக்கா கவனித்துவிட்டார். "கோவமா டீச்சரம்மா? என் பால் குடிச்சிட்டான், எங்க மார்க்கத்துல இனிமே இவன் நஸ்ரீனுக்கு அண்ணன். பெருசாகி அவளக் கட்டிக்கிறேன்னு வந்தான்னா, தொடப்பக்கட்டைதான்!"

"பால் மறக்கடிக்க உன்ன அனுப்பினேன்," என்றார் அத்தை. "இப்போ ரெண்டு வீட்ல கேக்குறான்."

என்னை மீறிச் சிரித்துவிட்டேன். பாயில் கிடந்த நஸ்ரீன் பசித்து வீறிட்டாள். "வேடிக்க பாக்குறியே, அவளத் தூக்கு," என்றார் அக்கா. தூக்கினேன். அந்தச் சின்ன வாய் என் தோளைத் தேடியது. வற்றிவிட்டது என்று நினைத்த பால் ரவிக்கையை நனைத்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். தலையசைத்தார். அன்று அவருடைய மகளுக்கு நான் பால் கொடுத்தேன். என் மகனின் மூச்சுச் சத்தம் ஒரு முழம் தள்ளிக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜூனில் கவலையில்லாமல் பள்ளிக்குப் போனேன். பகலில் கார்த்தி அந்த வீட்டில் வளர்ந்தான். முன்பெல்லாம் பிரார்த்தனையிலும் ஆண்டவனுக்கு நான் வழி சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போது கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பதற்றம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வரும்போது கங்கைத் தாயை நினைத்துக்கொள்கிறேன்.

பிள்ளைக்காகத் தவித்துக்கொண்டு இதைப் படிக்கும் சகோதரிகளே, அவளிடம் கேளுங்கள். மனம் விட்டுக் கேளுங்கள். எந்தக் கதவைத் திறப்பாள் என்பதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள். எனக்கு எதிர்வீட்டுக் கதவைத் திறந்தாள்.